லினக்ஸ் முறைமையிற் காவற் கருவிகள்: நிறுவலும் நீக்கலும்

கணினி வலையமைப்பைக் காக்குங் கருவிகளின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் அவற்றை ஆக்கியோரின் வரலாற்றையே எழுதிச் சென்றனர். எந்த ஆண்டில் எவர் ஒரு கருவியை இயற்றினார் என்பது எளிதிற் கிடைக்குஞ் செய்தி. அக்கருவி ஒரு கணினியினுட் புகுந்து அமர்ந்த வகை யாது, யார் சொல்லை நம்பி அதனை உள்ளே விட்டனர், வேண்டாதபோது அதனை வெளியேற்றியது எங்ஙனம், வெளியேற்றிய பின் அங்கு எஞ்சியது யாது என்னும் வினாக்களோ அரிதாகவே எழுப்பப்பெறுகின்றன. ஆயின், லினக்ஸ் என்னும் பணிசெயல் முறைமையின் முப்பது ஆண்டுக்கு மேற்பட்ட வாழ்வை நோக்குவார்க்கு, காவலின் மெய்யான வரலாறு இவ்வினாக்களுக்குள்ளேயே அடங்கியிருத்தல் புலனாகும்.

காவற் கருவி ஏனைய மென்பொருளைப் போன்றதன்று. கடிதம் எழுதுஞ் செய்நிரல் ஒன்று, எழுதுபவருக்குள்ள உரிமையளவில் நின்று இயங்கும். வலையிற் செல்லுந் தரவை உற்றுக்கேட்குங் கருவியும், வருவோரைத் தடுக்குங் கருவியும் முறைமையின் தலைமையுரிமையைப் பெற்றாலன்றித் தொழில் செய்யமாட்டா. ஆகவே அவற்றை நிறுவுதல், வீட்டுத் திறவுகோற் கொத்தைக் காவலனிடம் ஒப்படைப்பதை ஒக்கும். அக்காவலனைத் தெரிந்தெடுத்த முறையிலும், அவனை வேலையினின்று நிறுத்திய பின் திறவுகோல்களை எண்ணிப் பாராமையிலும் நேர்ந்த தவறுகளே இவ்வரலாற்றின் பெரும்பகுதி எனலாம்.

லினக்ஸ் தோன்றுவதற்கு முன்னரே இக்கதை தொடங்கிவிட்டது. 1988ஆம் ஆண்டு நவம்பர் 2ஆந் திகதி, அமெரிக்காவின் கோர்ணெல் பல்கலைக்கழக மாணவர் றொபேட் மொறிஸ் விடுத்த புழுச் செய்நிரல், அக்கால இணையத்தோடு தொடுக்கப்பட்டிருந்த கணினிகளுள் ஏறத்தாழ 6,000 கணினிகளைப் பற்றியதென மதிப்பிட்டனர். அம்மாதமே கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்திற் ‘சேர்ட்’ எனப்படும் அவசர உதவி மையம் அமைந்தது. வலையில் ஓடுந் தரவுப் பொட்டலங்களைப் பிடித்துக் காட்டும் ‘ரி.சி.பி. டம்ப்’ என்னுங் கருவியை வான் ஜேக்கப்சன், கிரெய்க் லேரெஸ், ஸ்டீவன் மக்கேன் ஆகிய மூவரும் லோரன்ஸ் பேர்க்லி ஆய்வுகூடத்தில் இயற்றியதும் அவ்வாண்டிலேயாம். இக்கருவியை மீண்டுஞ் சந்திக்க நேரும்.

ஒல்லாந்து நாட்டின் ஐண்ட்ஹோவன் தொழினுட்பப் பல்கலைக்கழகத்தில் 1990ஆம் ஆண்டளவில் நிகழ்ந்தது ஈண்டு விரித்துரைக்கத் தக்கது. அங்கிருந்த கணினிகளுள் மீண்டும் மீண்டும் புகுந்த ஒருவன், தலைமையுரிமையைக் கைப்பற்றிக் கோப்புக்களை அழித்துச் சென்றான். அவன் எங்கிருந்து வருகின்றான் என்பதை அறிதற்பொருட்டு அப்பல்கலைக்கழகத்தைச் சார்ந்த வீற்சே வெனெமா சிறு கருவியொன்றை எழுதினார். ‘ரி.சி.பி. ராப்பர்’ என்பது அதன் பெயர். போர்வை என்று பொருள்படும். அதனை நிறுவும் முறையே அதன் சிறப்பு. ஏலவே இருந்த சேவைச் செய்நிரலை வேறோரிடத்துக்கு நகர்த்திவிட்டு, அதன் இடத்தில் அதே பெயரோடு இதனை வைப்பர். வெளியிலிருந்து வரும் அழைப்பு முதலில் இதனிடம் வரும். அழைத்தவர் யாரெனக் குறித்துக்கொண்டு, பின்னாளிற் சேர்க்கப்பெற்ற அனுமதிப் பட்டியலையும் மறுப்புப் பட்டியலையும் நோக்கி, தக்கவராயின் பழைய செய்நிரலிடம் ஒப்படைத்துவிட்டு இது ஒதுங்கிக்கொள்ளும். பழைய செய்நிரலில் ஓரெழுத்தையேனும் மாற்றவேண்டியதில்லை. நீக்குதலும் அத்துணை எளிது: நகர்த்தியதை மீண்டும் அதன் இடத்தில் வைத்தாற் போதும். நிறுவலையும் நீக்கலையும் ஒருங்கே எண்ணி அமைத்த இத்தகைய கருவிகள் பிற்காலத்தில் மிகுதியாகத் தோன்றவில்லை என்பது வருந்தத் தக்கது.

1991ஆம் ஆண்டிற் பின்லாந்தின் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வல்ட்ஸ் லினக்ஸ் கருவை வெளியிட்டபோது, யூனிக்ஸ் வழிவந்த கருவிகள் பல அங்குங் குடியேறின. தொடக்க ஆண்டுகளில் நிறுவுதல் என்பது, மூலநிரலைத் தொலைவிலுள்ள சேவையகத்திலிருந்து பெற்றுத் தன் கணினியிலேயே தொகுத்து, உரிய அடைவுகளிற் பரப்பிவிடுதலாகும். ஒரு கட்டளையாற் பல கோப்புக்கள் பல இடங்களிற் சென்று விழும். எவை எங்கு விழுந்தன என்பதற்குப் பதிவேடு இல்லை. நீக்குங் கட்டளையை எழுதிவைத்த ஆக்குநர் சிலரே. ஆகவே மூலநிரல் இருந்த அடைவை அழித்துவிட்டு, கருவியை நீக்கிவிட்டதாக எண்ணியிருந்தோர் பலர். கருவியோ அவர்தங் கணினியிலேயே இருந்தது.

இக்குறையைத் தீர்க்க வந்ததே பொதி என்னும் ஏற்பாடு. 1993ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் இயன் மர்டொக் தொடங்கிய டெபியன் திட்டத்தில், ‘டி.பி.கே.ஜி.’ என்னும் பொதி மேலாளர் 1994இல் உருப்பெற்றது. ரெட் ஹற் நிறுவனத்தார் 1995இல் ‘ஆர்.பி.எம்.’ என்பதனை ஆக்கினர். பொதியிலுள்ள ஒவ்வொரு கோப்பின் பெயரும் பதிவேட்டில் ஏறும். நீக்குங்கால் அப்பதிவேட்டின்படி ஒவ்வொன்றாக அகற்றப்படும். டெபியனார் நீக்கலையும் இருவகையாக்கினர். ஒன்று செய்நிரலை மட்டும் அகற்றி, பயனர் திருத்திவைத்த அமைவுக் கோப்புக்களை விட்டுச் செல்வது. மற்றையது அவற்றையும் முற்றக் களைவது. முன்னைய வகையால் நீக்கப்பெற்ற பொதிக்கு எதிரே பட்டியலில் ‘ஆர்.சி.’ என்னும் ஈரெழுத்துக் குறி நிற்கும். பொதி அகற்றப்பட்டது, அமைவு எஞ்சியுள்ளது என்பது அதன் பொருள். சொல்லாமல் விட்டுச் செல்வதினும், விட்டுச் சென்றதைச் சொல்லி வைப்பது பெரிதும் நன்று. 1999ஆம் ஆண்டு மார்ச்சில் வெளிவந்த டெபியன் 2.1 உடன் ‘ஆப்ட்’ என்னும் மேலாளருஞ் சேர்ந்தது. ஒரு பொதியைக் கேட்டால், அது சார்ந்து நிற்கும் ஏனைய பொதிகளையும் களஞ்சியத்திலிருந்து தானே கொணர்ந்து நிறுவுவது இதன் தொழில்.

இதற்கிடையே, காவற் கருவி என்பது யாது என்னும் வினாவையே உலகின் முன் வைத்த நிகழ்ச்சியொன்று நடந்தது. 1995ஆம் ஆண்டு ஏப்பிரல் 5ஆந் திகதி, டான் பாமரும் மேலே கூறிய வெனெமாவும் ‘சேற்றன்’ என்னுங் கருவியை வெளியிட்டனர். வலையிலுள்ள கணினிகளைத் தொலைவிலிருந்தே சோதித்து, அவற்றின் குறைகளை எடுத்துரைப்பது அது. பெயரோ சாத்தானைக் குறிப்பது. பூட்டுத் திறக்குங் கருவியைத் தெருவிற் போவோர்க்கெல்லாங் கொடுப்பதா என்று பலர் அஞ்சினர். ஆக்கியோர் நகைச்சுவை உணர்வு மிக்கவர்கள் போலும். பெயரை வெறுப்போர்க்கென ‘மனந்திரும்புக’ என்று பொருள்படுஞ் சிறு செய்நிரலொன்றையும் உடன் வைத்தனர். அதனை இயக்கினால், ஆங்கில எழுத்துக்கள் இடம்மாறிச் சாத்தான் நத்தார்த் தாத்தாவின் பெயரைப் பெறும். ஆயினும் நகைப்புக்கு இடமில்லாத செய்தியொன்றும் அம்மாதமே வந்தது. கருவியை இயக்குவோரின் இரகசியச் சொல் வெளியே கசியக்கூடிய குறை ‘சேற்றன்’ கருவியிலேயே இருப்பதாகச் சேர்ட் மையம் அறிவித்தது. பிறர் வீட்டுக் கதவைச் சோதிக்கப் புறப்பட்டோர் தம் வீட்டுக் கதவைத் திறந்துவிட்டுச் சென்றவாறாயிற்று.

அதன்பின் கருவிகள் விரைந்து பெருகின. கடவுச்சொற்கள் வலையில் ஒட்டுக்கேட்கப்படுதலைக் கண்ட பின்லாந்தினர் டாட்டு இலோனென், 1995இல் ‘எஸ்.எஸ்.எச்.’ என்னும் மறையீட்டுத் தொடர்பு முறையை அமைத்தார். கோர்டன் லயன் 1997 செப்ரெம்பரில் ‘என்மப்’ கருவியை ஒரு மின்னிதழின் பக்கங்களில் மூலநிரலாகவே அச்சிட்டு வெளியிட்டார். அது அன்று லினக்ஸில் மட்டுந் தொகுக்கத் தக்கதாயிருந்தது. 1998ஆம் ஆண்டு ஒன்றிலேயே ரெனோ தெரெசோனின் ‘நெசஸ்’, ஜெரால்ட் கூம்ஸின் ‘ஈதீரியல்’, மார்ட்டின் ரோஷின் ‘ஸ்நோர்ட்’ ஆகிய மூன்றும் தோன்றின. இவற்றுள் நெசஸ் 2005இல் மூலநிரலை மறைத்துக்கொண்டது. அதன் பழைய நிரலிலிருந்து ‘ஓப்பன்வாஸ்’ கிளைத்தது. ஈதீரியல் 2006இல் வணிகப்பெயர்ச் சிக்கலால் ‘வயர்ஷார்க்’ ஆயிற்று. அதற்கு முன்னரே, 2004இல், ஓப்பன் பி.எஸ்.டி. என்னும் வேறொரு முறைமையினர் ஈதீரியலில் அடிக்கடி கண்டுபிடிக்கப்பட்ட குறைகளைக் கருதி அதனைத் தம் தொகுதியினின்றே அகற்றிவிட்டனர் என்பதுங் குறிக்கத் தக்கது.

1999ஆம் ஆண்டு ஜனவரி 21ஆந் திகதிக்கு வருவோர், ஐண்ட்ஹோவனுக்கே மீளவேண்டும். வெனெமாவின் போர்வைக் கருவி வைக்கப்பட்டிருந்த அப்பல்கலைக்கழகச் சேவையகத்தினுள் எவரோ புகுந்து, மூலநிரற் கோப்பை எடுத்துவிட்டுத் திருத்திய கோப்பொன்றை வைத்தனர். அதனைப் பெற்றுத் தொகுத்தவரின் கணினி, தொகுக்கும்போதே, தான் இன்ன பெயரினது, இன்னார் தொகுக்கின்றார் என்று வெளியே மின்னஞ்சல் அனுப்பியது. நிறுவிய பின்போ, 421 என்னும் வாயிலிலிருந்து புறப்பட்டு வரும் அழைப்புக்குத் தலைமையுரிமையையே வழங்கியது. வருவோரைத் தடுப்பதற்கென எழுந்த கருவி, வரத்தகாதவனை வரவேற்றது. வேலியே பயிரை மேய்ந்தது என்பது இதற்கு முற்றும் பொருந்தும். சேர்ட் மையம் மெய்க்கோப்பின் சரிபார்ப்பு எண்ணை வெளியிட்டு, ஒவ்வொருவரும் ஒப்பிட்டு நோக்கவேண்டுமெனக் கேட்டது. வெனெமாவின் நிரலில் எக்குறையும் இல்லை. குறை, அது வந்த வழியில் இருந்தது.

அக்காலத்து லினக்ஸ் வெளியீடுகளுக்கு இன்னொரு பழக்கமும் இருந்தது. நிறுவியவுடன், கேளாத சேவைகள் பலவற்றையும் அவை தாமே தொடங்கிவிடும். ஆதலின் அறிந்தோர் காவற் கருவியை நிறுவுமுன், வேண்டாத சேவைகளை நீக்குதலையே முதற்பணியாகக் கொண்டனர். அறியாதோர் நிலையை 2001 ஜனவரியில் வந்த ‘ராமன்’ என்னும் புழு காட்டியது. சப்பானியரின் நூடில்ஸ் உணவின் பெயரைக் கொண்ட அது, ரெட் ஹற் 6.2, 7.0 வெளியீடுகளில் இயங்கிக்கொண்டிருந்த சேவைகளின் வழியே நுழைந்தது. நுழைந்தபின் அவ்வழிகளைத் தானே அடைத்தும் வைத்தது! உரியவர் செய்திருக்கவேண்டிய நீக்கலைக் கள்வன் செய்து வைத்தான். இரு மாதங்களின் பின் வந்த ‘லயன்’ என்னும் புழு, கோப்புக்களையும் இயங்குஞ் செய்நிரல்களையும் பட்டியலிடுங் கட்டளைகளையே மாற்றிவைத்தது. அத்தகைய கணினியில் எதனை நீக்குவது, எதனை நம்பி நீக்குவது? பேர்டியூ பல்கலைக்கழகத்தில் ஜீன் கிம், ஜீன் ஸ்பாஃபோர்ட் ஆகிய இருவரும் 1992இல் ஆக்கிய ‘ட்ரிப்வயர்’, கோப்புக்களின் அடையாள எண்களை முன்னரே பதிந்து வைத்துப் பின்னர் ஒப்பிடுவது. ஆயின், கணினி தூயதாய் இருக்கும் முதல் நாளிலேயே அதனை நிறுவியிருத்தல் வேண்டும். களவு போன பின் எடுக்கும் கணக்கு, கள்வன் விட்டுச் சென்றதையே முழுச் செல்வமென்று எழுதிவைக்கும்.

2002ஆம் ஆண்டில் வந்த வழியின் குறை இருமுறை மீண்டது. ஆகஸ்டு மாதத் தொடக்கத்தில் ஓப்பன் எஸ்.எஸ்.எச். மூலநிரல் மாற்றப்பட்டிருத்தல் வெளிப்பட்டது. நவம்பர் மாதத்தில் ரி.சி.பி. டம்ப் கருவியும், அது சார்ந்து நிற்கும் ‘லிப்பிக்கப்’ நூலகமும் அவ்வாறே மாற்றப்பட்டமை தெரியவந்தது. இரண்டாவது நிகழ்ச்சியின் நுட்பம் ஊன்றி நோக்கத் தக்கது. தொகுக்கும்போது இயங்கிய இரகசியச் செய்நிரல் 1963 என்னும் வாயில் வழியே வெளியாரோடு தொடர்பு கொண்டது; நூலகமோ, அவ்வாயில் வழிச் செல்லுந் தரவை மட்டுங் காணாதவாறு திருத்தப்பட்டிருந்தது. வலையில் நடப்பதையெல்லாம் காட்டவேண்டிய கண்ணுக்கு, தன்னைக் கெடுத்தவன் மட்டும் தெரியாதபடி திரை இடப்பட்டது. அக்கருவியைக் கொண்டே அக்கருவியின் கேட்டைக் கண்டறிதல் இயலாததாயிற்று.

இத்தகைய கேடுகளுக்கு விடையாக எழுந்தது இலக்கமுறைக் கையொப்பம். களஞ்சியத்தார் தம் இரகசியச் சாவியாற் பொதிப் பட்டியலுக்கு ஒப்பமிடுவர். பயனரின் கணினி, தன்னிடமுள்ள பொதுச்சாவியால் அவ்வொப்பத்தைச் சரிபார்த்த பின்னரே பொதியை ஏற்கும். இது உடனே வந்துவிடவில்லை. 2003 நவம்பரில் டெபியன் திட்டத்தின் சேவையகங்கள் சிலவற்றுள் அயலார் புகுந்தனர். களஞ்சியம் அன்று தப்பியது. எனினும் தப்பாதிருப்பின் என்னாகும் என்னும் அச்சம் நிலைத்தது. 2007 ஏப்பிரலில் வெளிவந்த டெபியன் 4.0 இலேயே ஆப்ட் தானாக ஒப்பத்தைச் சரிபார்க்கும் ஏற்பாடு முதன்முதல் நிலைபெற்றது. 1999இல் ஐண்ட்ஹோவனில் நேர்ந்தது போன்றதொன்று, களஞ்சியத்தின் வழி நிறுவுவார்க்கு இனி எளிதில் நேராது என்னும் நிலை அப்போதுதான் உண்டாயிற்று.

ஆயின் அதே டெபியன் 4.0, முறையான ஒப்பத்தோடு பெருங் கேடொன்றையுஞ் சுமந்து வந்தது. 2006 செப்ரெம்பரில், மறையீட்டுக்குரிய ஓப்பன் எஸ்.எஸ்.எல். நூலகத்தின் டெபியன் பொதியில், சோதனைக் கருவியொன்று குறைகாட்டிய வரிகள் நீக்கப்பட்டன. குறை தீர்க்கும் நன்னோக்கத்தோடு செய்த நீக்கல் அது. சாவிகளை உண்டாக்கும்போது ஊகிக்கவியலாத எண்களைச் சேர்த்துத் தந்தவை அவ்வரிகளே என்பது உணரப்படவில்லை. அவை போன பின் எஞ்சியது, இயங்குஞ் செய்நிரலின் வரிசை எண் ஒன்றே. அதுவோ 32,768க்கு மேற்படாதது. பூட்டுக்கள் கோடி கோடியாகத் தோன்றின. திறவுகோல் வகைகளோ எண்ணி முடிக்கத் தக்கனவாயின. லூசியானோ பெல்லோ என்பவர் கண்டறிய, 2008 மே 13ஆந் திகதி இது அறிவிக்கப்பட்டது. திருந்திய பொதி அன்றே கிடைத்தது. ஆனால் பொதியை மாற்றியதனால் ஏற்கெனவே உண்டாகிய சாவிகள் மாறிவிடவில்லை. டெபியனை ஒருபோதும் நிறுவாத சேவையகங்களிலும், அங்கு உண்டாகிய பொதுச்சாவிகள் சென்று தங்கியிருந்தன. ஆதலின் தீய சாவிகளின் பட்டியலையே ஒரு பொதியாக்கி வழங்கி, ஒவ்வொன்றாகத் தேடிக் களையவேண்டியதாயிற்று. கையொப்பம், கொணர்ந்தவர் இன்னாரென்று மட்டுஞ் சொல்லும். கொணர்ந்த பண்டம் நல்லதென்று சொல்லாது. இவ்வேறுபாட்டை உலகம் அறிந்துகொள்ள இத்துணை விலை கொடுத்தது.

நீக்கலின் எச்சங்களுள் நாள்தோறும் தொல்லை தருவது தீச்சுவரின் எச்சமாகும். லினக்ஸில் தீச்சுவர் என்பது உண்மையிற் கருவினுள்ளே அமைந்தது. 1994இல் அலன் கொக்ஸ் அதனை வேறொரு முறைமையிலிருந்து கொணர்ந்து சேர்த்தார். பின்னர் ரஸ்டி ரசல் முதலானோர் உழைப்பால் 1999இல் ‘ஐ.பி. செயின்ஸ்’, 2001இல் ‘ஐ.பி. டேபிள்ஸ்’ என்பன வந்தன, 2014இல் ‘என்.எப். டேபிள்ஸ்’ வந்தது. பயனர் நிறுவுவதும் நீக்குவதும் கருவுக்குக் கட்டளையிடும் வெளிக் கருவியை மட்டுமே. அதனை நீக்கினும், முன்னர் இட்ட விதிகள் கருவினுள் நின்று, கணினி மீளத் தொடங்கப்படும்வரை தம் தொழிலைச் செய்யும். தீச்சுவரை நீக்கிவிட்டேன், இன்னுந் தடை நீங்கவில்லையே என்று திகைப்போர் பலர். இதற்கு மாறானதும் உண்டு. எவரையும் விடாதே என்பதனைப் பொது நெறியாக வைத்து, சிலரை மட்டும் விடும் விதிகளை எழுதியவர், விதிகளை மட்டும் ஒரு கட்டளையால் அழிப்பாராயின், பொது நெறி நிலைத்து நிற்க, தொலைவிலிருந்து கட்டளையிட்ட அவரே வெளியில் நிறுத்தப்படுவார். நீக்குதற்கும் ஒரு வரிசை உண்டு என்பதை இரவு நேரத்தில், ஆளில்லாச் சேவையகத்தின் முன், அறிந்துகொண்டவர் தொகை சிறிதன்று.

சட்டமும் நீக்கலுக்குக் காரணமானதுண்டு. யேர்மனியில் 2007 ஆகஸ்டு மாதத்தில் நடைமுறைக்கு வந்த குற்றவியற் சட்டப் பிரிவொன்று, கணினியுட் புகுதற்குரிய கருவிகளை ஆக்குதலையும் பரப்புதலையும் குற்றமாக்கியது. ஆய்வாளர் சிலர் அஞ்சித் தம் கருவிகளை அந்நாட்டுத் தளங்களினின்று அகற்றினர். 2009இல் அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம், நன்மைக்குந் தீமைக்கும் ஒருங்கே பயன்படுங் கருவிகள் அப்பிரிவில் அடங்கா எனத் தெளிவுறுத்தியது. 1995இல் ‘சேற்றன்’ எழுப்பிய வாதத்தை நீதிமன்றம் ஒன்று கேட்டு முடித்தது எனலாம்.

கருவிகள் நூற்றுக்கணக்கிற் பெருகியபின், அவற்றை ஒவ்வொன்றாக நிறுவாது, யாவும் அமைந்த முறைமையொன்றையே வழங்கும் வழக்கம் வந்தது. 2006இல் ‘பாக்ட்ராக்’ என்பதும், அதற்கு மாற்றாக 2013 மார்ச்சில் டெபியன் அடிப்படையில் எழுந்த ‘காலி லினக்ஸ்’ என்பதும் இவ்வகையின. பாக்ட்ராக்கிற் கருவிகள் பலவும் ஒரு தனி அடைவுள் வைக்கப்பட்டிருந்தன. காலியில் அவை முறையான பொதிகளாயின. இதனால் ஒரு தீய பழக்கமும் பரவிற்று. தம் கணினியில் வேறு லினக்ஸை வைத்திருப்போர், காலியின் களஞ்சியத்தைத் தம் பட்டியலிற் சேர்த்து, கருவிகளைக் கொத்தாக நிறுவினர். பின்னர் அவ்வாறே கொத்தாக நீக்க முயன்றனர். கருவிகளோடு வந்த நூலகங்கள் முறைமையின் பழைய நூலகங்களின் இடத்தைப் பிடித்துக்கொண்டமையால், கருவிகள் போன பின்னும் முறைமை பழைய நிலைக்கு மீளவில்லை. பல உடல்களின் உறுப்புக்களைத் தைத்து உருவாக்கிய கதை அரக்கனின் பெயரால், இத்தகைய கலப்பு முறைமையை டெபியனார் ‘பிராங்கன் டெபியன்’ என்பர். அயற் களஞ்சியங்களைச் சேர்த்தல் ஆகாதென்று காலியாருந் தம் கைந்நூலில் எச்சரித்துள்ளனர். 2025 ஏப்பிரலில் அவர்களே களஞ்சியத்துக்கு ஒப்பமிடுஞ் சாவியைக் கையாளும் வழியை இழந்து, புதுச் சாவியை வெளியிட நேர்ந்தது. சாவி களவு போகவில்லை. எனினும் பயனர் ஒவ்வொருவரும் புதியதைத் தாமே பெற்று நிறுவினாலன்றி, அவர்தங் கணினி களஞ்சியத்தை ஏற்க மறுத்தது.

வெனெமாவின் கருவிக்கு நேர்ந்த முடிவும் ஈண்டுக் கூறற்பாலது. 2014இல் ஓப்பன் எஸ்.எஸ்.எச். ஆக்குநர், அக்கருவியின் நூலகத்தோடு தம் செய்நிரல் கொண்டிருந்த தொடர்பை நீக்கினர். 2018இல் பெடோரா 28 வெளியீட்டினர் அதனை முற்றாக விலக்கினர். தீச்சுவர் வலுப்பெற்ற காலத்தில் அது மிகையென்பது அவர் கருத்து, அது தவறுமன்று. ஆயின் பழைய சேவையகங்களில் நிருவாகிகள் பல்லாண்டு பேணிவந்த மறுப்புப் பட்டியற் கோப்பு அவ்விடத்திலேயே இருந்தது. திறந்து நோக்குவார்க்கு அதன் வரிகள் காவல் செய்வன போன்றே தோன்றும். அதனைப் படிக்குஞ் செய்நிரலோ அங்கு இல்லை. கோப்பு எஞ்சியதனால், காவலும் எஞ்சியதென்ற பொய்ந்நம்பிக்கை எஞ்சியது. செய்நிரல் எஞ்சுவதினும் இது கொடிது.

2024ஆம் ஆண்டு மார்ச்சு 29ஆந் திகதி வெளிப்பட்டது இவ்வரலாற்றின் மிக ஆழமான அத்தியாயம். ‘எக்ஸ்.இசட்.’ என்பது கோப்புக்களைச் சுருக்குஞ் சிறு கருவி, காவற் கருவியன்று. ஆனால் டெபியன் முதலிய பல வெளியீடுகளில், எஸ்.எஸ்.எச். சேவை இன்னொரு நூலகத்தின் வழியாக இதன் நூலகத்தையும் தன்னுட் கொண்டிருந்தது. வாயிற்காவலனின் உணவுப் பொட்டலம் வரும் வழியைப் பகைவர் கண்டுகொண்டனர். ஜியா தான் என்னும் பெயருடன் வந்த ஒருவர், இரண்டாண்டுக்கு மேலாகப் பயனுள்ள திருத்தங்களை வழங்கி, களைத்திருந்த பழைய பராமரிப்பாளரின் நம்பிக்கையைப் பெற்று, வெளியீடு செய்யும் உரிமையையும் பெற்றார். அவர் வெளியிட்ட 5.6.0, 5.6.1 என்னும் பதிப்புக்களில் இரகசிய வழியொன்று புதைந்திருந்தது. அதனை இயக்கிவைக்கும் வரிகள் யாவருங் காணும் நிரற் களஞ்சியத்தில் இல்லை; வெளியீட்டுக் கட்டில் மட்டுமே இருந்தன. தொகுக்கப்படுவது டெபியன் பொதியோ, ஆர்.பி.எம். பொதியோ என்று பார்த்து, அவ்வாறாயின் மட்டுமே அது உயிர்பெற்றது. முப்பது ஆண்டுகளாகக் கட்டிய பொதி ஏற்பாட்டின் நன்மைகள் அனைத்தையும் பகைவர் தமக்குக் கருவியாக்கினர். கையொப்பம் மெய்யானது, ஒப்பமிட்டவர் உரிமையுடையவர், களஞ்சியம் தூயது.

அதனைக் கண்டது எக்காவற் கருவியுமன்று. தரவுத்தள ஆக்குநரான அன்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்பவர் வேறொரு வேகச் சோதனையில் ஈடுபட்டிருந்தபோது, எஸ்.எஸ்.எச். வழியே உட்புகுதற்கு ஏறத்தாழ அரை விநாடி கூடுதலாகச் செல்வதை நோக்கினார். அரை விநாடியைப் பொருட்படுத்தும் பொறுமை அவரிடம் இருந்தது. டெபியனின் நிலைத்த பதிப்பு பாதிக்கப்படவில்லை. சோதனைப் பதிப்புக்கள் பாதிக்கப்பட்டன. காலி லினக்ஸிலும் மார்ச்சு 26 முதல் 29 வரை அப்பொதி இடம்பெற்றிருந்தது.

அப்போது நீக்கலின் இடர் புதிய வடிவில் தோன்றிற்று. எக்ஸ்.இசட். நூலகத்தை முற்ற நீக்கவியலாது; பொதி மேலாளரே பொதிகளை விரித்தற்கு அதனைச் சார்ந்து நிற்பது. பழைய பதிப்புக்கு மீளவேண்டும். பொதி மேலாளரோ பெரிய எண்ணைப் புதியதென்றும், சிறிய எண்ணைப் பழையதென்றும் மட்டுமே அறியும். பயனர் வலிந்து கட்டளையிட்டாலன்றி, புதியதிலிருந்து பழையதற்குத் தானே இறங்காது. 5.4.5 என்னும் பழைய நிரலை அதன் எண்ணோடே களஞ்சியத்தில் வைப்பின், நஞ்சு கலந்த 5.6.1 பதிப்பைக் கொண்ட கணினிகள் அதனைத் திரும்பியும் பாரா. ஆகவே டெபியனார் பழைய நிரலுக்குப் புதிய எண்ணைச் சூட்டி, ‘உண்மையில்’ என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லை நடுவே வைத்து, ‘5.6.1+ரியலி5.4.5’ என்னும் பெயரோடு அதனை அனுப்பினர். கணினிகள் அதனைப் புதிய பதிப்பென்று ஏற்று நிறுவிக்கொள்ள, நஞ்சு நீங்கிற்று.